கூட்டினுள் சமாதானம்

பறவைகளுக்கு மனிதர் இட்ட பெயர்களுள் இரண்டு, பறவை வளர்ப்போரைப் பல தலைமுறையாக மயக்கி வந்திருக்கின்றன. ஒன்று ‘காதற் பறவை’. மற்றொன்று ‘சமாதானப் புறா’. முன்னதை நம் நாட்டவர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பறவை விற்கும் கடையொன்றிற் சென்று அப்பெயரைச் சொன்னால், பச்சை, நீலம், மஞ்சள் எனப் பல நிறங்களில் விளங்கும் சிறு கிளிகளைக் காட்டுவார்கள். அவை ‘பட்ஜரிகார்’ எனப்படும் அவுஸ்திரேலியக் கிளிகள். உண்மையான காதற் பறவை வேறு. ஆபிரிக்காவையும் மடகஸ்காரையும் தாயகமாகக் கொண்ட ஒன்பது இனங்கள் அப்பெயருக்கு உரியன. துணையோடு ஒட்டி அமர்ந்து ஒன்றையொன்று கோதிக்கொண்டிருப்பதனால் அவற்றுக்கு அப்பெயர் வாய்த்தது. அக்காதல் தன் துணையளவில் நின்றுவிடும் என்பதையும், அயற் பறவையின் கால்விரலைக் கடித்துத் துண்டிக்க அவை சிறிதும் தயங்கா என்பதையும் பெயர் கூறுவதில்லை.

நான் நெடுங்காலமாகப் பறவைகளோடு பழகி வருபவன். அதனால் அயலவரும் மாணவரும் என்னிடம் அடிக்கடி ஒரு வினாவை வினவுவதுண்டு. “வீட்டில் ஏற்கெனவே ஒரு பறவை இருக்கிறது. இப்போது வேறோர் இனத்துப் பறவை வாங்கியிருக்கிறோம். இரண்டையும் ஒன்றாக விடலாமா?” வினவுவோருட் சிலர், நான் விடை கூறுமுன்னரே இரண்டையும் ஒன்றாக விட்டிருப்பார்கள். பல நிறங்கள் ஒரே கூட்டிற் கலந்து விளங்குதல் கண்ணுக்கு இனியது; தனித்திருக்கும் பறவைக்கு ஒரு துணை தேடிக் கொடுத்தோம் என்ற எண்ணம் மனத்துக்கு இனியது. இவ்விரண்டும் நாம் பெறும் இன்பங்கள். பறவை பெறுவது யாது என்பதே ஈண்டு நான் ஆராய விரும்பும் பொருள்.

புறா புகட்டிய பாடம்

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர், ஒஸ்திரியா நாட்டவரான கொன்ராட் லோரென்ஸ். 1949இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்து, 1952இல் ‘சொலமன் அரசனின் மோதிரம்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. ஐரோப்பியக் காட்டுப்புறா இனமொன்றின் ஆணையும், ஆபிரிக்க வழிவந்த வளர்ப்புப்புறா இனமொன்றின் பெண்ணையும் சேர்த்துக் கலப்புக் குஞ்சுகளைப் பெற அவர் விரும்பினார். இரண்டையும் இடவசதியுள்ள ஒரு கூட்டில் விட்டார். தொடக்கத்திற் சிறு பிணக்குகள் தோன்றின. அவற்றை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பின்னர் வியன்னா நகருக்குச் சென்று திரும்பி வந்து பார்த்தபோது, ஆண்புறா கூட்டின் தரையிற் கிடந்தது. அதன் தலை, பிடரி, முதுகு ஆகிய இடங்களில் இறகுகள் பறிக்கப்பட்டுத் தோலும் உரிந்து எல்லாம் ஒரே புண்ணாயிருந்தது. பெண்புறாவோ அப்புண்ணின் மேலேயே மீண்டும் மீண்டும் கொத்திக்கொண்டிருந்தது.

உலகமெங்கும் சமாதானத்தின் சின்னமாக எழுதப்படும் பறவை இவ்வாறு செய்தது ஏன்? அப்பெண்புறா கொடியதாகப் பிறந்தது என்று லோரென்ஸ் கூறவில்லை. கொல்லும் வலிமை படைத்த ஓநாய் போன்ற விலங்குகளிடத்தே, தோற்ற எதிரியைக் கொல்லாது விடும் ஒரு தடை இயல்பாக அமைந்திருக்கின்றது என்றும், புறாவுக்கு அத்தகைய தடை தேவைப்படவில்லை என்றும் அவர் விளக்கினார். ஓநாயைப் பற்றி அவர் கூறியதைப் பின்வந்த ஆய்வாளர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஓநாய்கள் ஓநாய்களைக் கொல்வதும் உண்டு எனக் கண்டறியப்பட்டிருக்கின்றது. ஆனால் புறாவைப் பற்றிய விளக்கம் பறவை வளர்ப்போர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளத்தக்கது. காட்டில் ஒரு புறா மற்றொன்றைக் கொத்தினால், கொத்துப்பட்டது பறந்து போய்விடும். அத்துடன் சண்டை முடிந்தது. கூட்டில் அது பறந்து போக இயலாது. ஆகவே சண்டையும் முடிவதில்லை.

நம் ஊர்களிற் பழம் பழுத்த ஆலமரத்தின் கீழ் ஒரு காலைப்பொழுது நின்றவர்கள் இவ்வுண்மையை நேரே கண்டிருப்பார்கள். குக்குறுவான், குயில், மைனா, கொண்டைக்குலாத்தி, கிளி என ஐந்தாறு இனங்கள் ஒரே மரத்தில் உண்ணும். ஒரு கொப்பில் மைனா வந்து அமரக் கொண்டைக்குலாத்தி விலகும். கிளி கத்திக்கொண்டு பாய மைனா வேறு கொப்புக்குத் தாவும். சண்டை என்று சொல்லத்தக்கது சில கணங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. இப்பறவைகள் ஒன்றையொன்று நேசிக்கின்றன என்று நாம் கொள்வதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அவற்றுக்கிடையே அமைதியைக் காப்பது விலகிச் செல்லும் வசதி ஒன்றே. கூட்டிற் பறவையை அடைக்கும் நாம் முதலிற் பறித்துக்கொள்வதும் அவ்வசதியையே. ஆதலால், வேற்றினப் பறவைகளை ஒன்றோடொன்று பழக்குவதென்பது, பறித்த அவ்வசதியை வேறு வகையில் அவற்றுக்குத் திருப்பிக் கொடுப்பதாகும். தூரம், காலம், இடம், தனிக்கூடு என்னும் நான்கினாலும் அதனைக் கொடுக்கலாம். இனிக் கூறப்போகும் விதிகள் யாவும் இவ்வொன்றின் விரிவுகளே.

இனம் அறிதல்

முதலில், எப்பறவையை எதனோடு பழக்க எண்ணுகிறோம் என்பதை அறிதல் வேண்டும். பட்ஜரிகார் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிற் பெருங்கூட்டமாக அலைந்து திரிந்து புல்விதை தின்னும் பறவை. ஜோன் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் 1840இல் உயிருள்ள பட்ஜரிகார்களை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே அது உலகெங்கும் வீட்டுப்பறவையாயிற்று. அதன் நிறை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் வரையே. தலையிற் கொண்டையும் கன்னத்திற் செம்மஞ்சட் பொட்டும் உடைய கொக்கட்டீலும் அதே வறண்ட நிலத்துப் பறவைதான். கொக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது அது. நிறை ஏறத்தாழ 90 கிராம். ஒரே நிலத்தில் வாழ்ந்து ஒரேவகை விதைகளை உண்ணும் இவ்விரண்டும் சாந்தமான இனங்கள் என்பதனாற் பழகிக்கொள்வதற்கு வாய்ப்பு உண்டு. எனினும் இவற்றுள்ளும் ஒரு விந்தை காணப்படுகின்றது. உருவிற் பெரிய கொக்கட்டீல் நாணமும் அச்சமும் உடையது. சிறிய பட்ஜரிகாரே ஓடிச் சென்று அதன் காலையும் வாலையும் கடிக்கும். பெரியது சிறியதைத் துன்புறுத்தும் என்று மட்டும் எண்ணிக் காவல் செய்வோர் இங்கே ஏமாறுவர்.

உண்மையான காதற் பறவையின் கதை வேறு. அதன் நிறை 50 கிராம் அளவுதான். ஆனால் அதன் அலகின் வலிமையும் துணிவும் உருவத்துக்கு மிஞ்சியவை. சில ஆண்டுகளுக்கு முன்னர், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டினர், பெயரொற்றுமையை நம்பி, செம்முகக் காதற் பறவை ஒன்றை இரு பட்ஜரிகார்கள் இருந்த கூட்டில் மாலையில் விட்டனர். விடிந்தபோது ஒன்று இறந்து கிடந்தது. மற்றதற்கு ஒரு காலில் இரண்டு விரல்கள் இல்லை. அவ்வீட்டுச் சிறுமி அதனை ஒரு சிறு பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டு வந்தாள். “ஏன் சேர், லவ் பேர்ட் தானே?” என்று அவள் கேட்ட கேள்விக்கு நான் பெயரின் வரலாற்றைத்தான் விளக்க முடிந்தது. விரல்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் இயலவில்லை.

கிளியினம் அல்லாத சிறு குருவிகளும் கூடுகளில் வளர்க்கப்படுகின்றன. மார்பில் வரிகள் உடைய சீப்ரா பிஞ்ச் 12 கிராம் அளவே நிறையுள்ளது. பெங்கலீஸ் என்னும் குருவி யப்பானியர் பல தலைமுறைகளாக வளர்த்துப் பழக்கியது. நம் இலங்கையிலும் காணப்படும் வெண்முதுகுத் தினைக்குருவியின் இனத்திலிருந்து தோன்றியது. பிற குருவிகளின் குஞ்சுகளையும் தன்னுடையன போல் வளர்க்கும் சாதுவான இயல்பு அதற்கு உண்டு. இத்தகைய குருவிகளை வளைந்த அலகுடைய கிளியினங்களோடு சிறு கூட்டில் விடுதல் ஆகாது. கிளியின் அலகு விதையை உடைக்கும் இடுக்கி. குருவியின் கால் ஒரு துரும்பு. கிளி கோபமின்றி, வெறும் ஆர்வத்தாற் கடித்தாற்கூட அத்துரும்பு முறிந்துவிடும்.

இதனை அச்சமூட்டுவதற்காகக் கூறுகிறேன் என்று சிலர் எண்ணலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். பறவையின் உடலில் இரத்தம் அதன் நிறையிற் பத்தில் ஒரு பங்களவு இருக்கும். 35 கிராம் நிறையுள்ள ஒரு பட்ஜரிகாரின் உடலில் உள்ள முழு இரத்தமும் மூன்றரை மில்லிலீற்றர்; ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. நம் விரலில் முள் குத்தினால் வரும் சில துளிகளை நாம் துடைத்துவிட்டுப் போகிறோம். அத்துளிகள் அதனிடமிருந்து போனால் அதன் உயிருக்கே இடராகும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

அலகினால் வரும் தீங்கினும் பெரியது மூச்சினால் வருவது. புதிதாக வந்த பறவை தோற்றத்தில் நலமாக இருக்கலாம். நோயை மறைத்தல் பறவைகளின் இயல்பு. காட்டிற் சோர்ந்து காணப்படும் பறவையையே பருந்து முதலிற் குறிவைக்கும் ஆதலால், இயலும்வரை அவை நோயை வெளிக்காட்டுவதில்லை. கிளியினங்களைப் பற்றும் சிட்டக்கோசிஸ் என்னும் நோய்க்கிருமியைச் சுமக்கும் பட்ஜரிகாரோ கொக்கட்டீலோ வெளிக்குறி எதுவுமின்றி உலவலாம். உலர்ந்த எச்சத்தின் தூள் காற்றிற் கலந்து, ஏனைய பறவைகளுக்கு மட்டுமன்றி அவற்றைப் பேணுவோருக்கும் அந்நோயைத் தொற்றச் செய்யும். மனிதரிடம் அது கடுங்காய்ச்சலாகவும் நுரையீரல் அழற்சியாகவும் வெளிப்படும். 1929-30இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த அமேசன் கிளிகள் வாயிலாக இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியபோது, அதனை ஆராய்ந்த ஆய்வுகூடத்தினர் சிலரும் அதற்கு ஆளாயினர். இன்று அதற்கு மருந்து உண்டு. ஆனால் காய்ச்சலோடு செல்பவர், தம் வீட்டிற் கிளி இருப்பதை வைத்தியரிடம் சொன்னாலன்றி அவர் அதனை ஐயுறுதல் அரிது. அலகையும் இறகையும் உருக்குலைக்கும் வைரசு நோய் ஒன்றும் கிளியினங்களிடையே உண்டு. அதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஆகவே, புதிய பறவை எதுவாயினும், 30 முதல் 45 நாட்கள் வரை அதனை வேறோர் அறையில் தனியே வைத்தல் வேண்டும். ஒரே மண்டபத்தில் இரு மூலைகளில் இரு கூடுகளை வைத்தல் தனிமைப்படுத்தல் ஆகாது. காற்று இரண்டுக்கும் பொதுவாக இருக்கின்றது. பழைய பறவைக்கு முதலில் உணவும் நீரும் வைத்துவிட்டுப் பின்னரே புதியதிடம் செல்க. புதியதைக் கவனித்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நீர்க்கிண்ணம், உணவுக்கிண்ணம், துடைக்கும் துணி ஆகியவை தனித்தனியே இருத்தல் நன்று. இயலுமாயின் மிருகவைத்தியர் ஒருவரிடம் காட்டி எச்சத்தைச் சோதிப்பித்தல் வேண்டும். இந்நாட்களில் புதிய பறவையும் வீட்டின் ஓசைகளுக்குப் பழகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று காணுமுன் குரலால் அறிந்துகொள்ளும். இதுவே அறிமுகத்தின் முதற்படி.

ஒரு வீட்டிற் கண்டது

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆசிரியை வசிக்கிறார். அவருடைய மகன் மேற்படிப்புக்காகக் கனடா சென்றபோது, தான் சிறு குஞ்சிலிருந்து வளர்த்த கொக்கட்டீல் ஒன்றைத் தாயிடம் விட்டுச் சென்றான். அவன் பழக்கிய ஒரு சீழ்க்கை ஒலியை அது தினமும் மாலையில், அவன் வீடு திரும்பும் நேரத்தில், ஒலித்துக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டிருத்தல் தாய்க்குப் பெருந்துன்பமாயிற்று. நிலைமையை அறிந்த அவருடைய மாணவியர், பட்ஜரிகார் இணை ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். அவர் அன்று மாலையே என்னிடம் வந்தார். “மாஸ்டர், ஒண்டாய் விட்டால் அதுக்கும் ஒரு துணையாய் இருக்குமெண்டு நினைக்கிறன். இண்டைக்கே விடலாமோ?” என்றார். “விடலாம் ரீச்சர், ஆனால் இண்டைக்கில்லை. இரண்டு மாசம் பொறுக்க வேணும்” என்றேன். அவர் முகம் வாடிற்று. எனினும் பொறுத்தார். அந்த இரண்டு மாதங்களில் நிகழ்ந்தவற்றை ஒழுங்காகச் சொன்னால், விதிகளைத் தனியே கூறவேண்டிய தேவை இராது.

முதல் ஆறு வாரங்கள் பட்ஜரிகார்கள் வீட்டின் பின்னறையில் இருந்தன. அதன் பின் அவற்றின் கூட்டை முன் விறாந்தையின் ஒரு கோடியில் வைத்தோம். கொக்கட்டீலின் கூடு மறு கோடியில் இருந்தது. முதல் நாள் கொக்கட்டீல் கொண்டையை நேரே நிமிர்த்தி, உடலை ஒடுக்கி, அசையாது பார்த்துக்கொண்டிருந்தது, உணவு உண்ணவில்லை. இரண்டாம் நாள் சிறிது உண்டது. நான்காம் நாள் இறகு கோதத் தொடங்கிற்று. பார்க்கப்படும்போது இறகு கோதும் பறவை, பார்ப்பதனை அஞ்சவில்லை என்பது பொருள். அதன் பின்னரே கூடுகளை நாளுக்கு ஒரு முழமாக நெருக்கினோம். ஓரடிக்குள் நெருங்க விடவில்லை. கம்பியைப் பற்றி நிற்கும் பறவையின் விரல்களை அடுத்த கூட்டிலிருந்து கடிப்பது எளிது. இவ்வகைக் காயங்கள் சண்டைக் காயங்களினும் குறைந்தனவல்ல.

அடுத்த படி நேரிற் சந்திக்க விடுதல். இதனைப் பழைய பறவையின் கூட்டிற் செய்யவே கூடாது. கூடு அதன் வீடு. அங்கே புகுவோர் அதற்குக் கள்வர். இரண்டும் தமதென்று கருதாத ஓர் இடம் வேண்டும். ஆசிரியையின் படிப்பறையைத் தெரிந்தெடுத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம், கண்ணாடி யன்னல்களைத் திரையிட்டு மூடினோம், பூனையை வெளியேற்றிக் கதவைச் சாத்தினோம். மேசையின் இரு முனைகளிலும் தனித்தனியே தினைக்கதிர் வைத்தோம். உயரமான இரண்டு இடங்களிற் கொம்புகளைக் கட்டினோம். ஒன்று விலக விரும்பினால் ஏறிச் செல்லும் இடம் இருக்கவேண்டும். சந்திப்பு பத்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. சண்டை வந்தபின் பிரிப்பதைவிட, அமைதியாக இருக்கும்போதே பிரித்தல் நன்று. இறுதியாக நிகழ்ந்ததையே பறவை மறுநாள் நினைவுகூரும்.

நான்காம் சந்திப்பிற் பெண் பட்ஜரிகார் கொக்கட்டீலின் வாலைக் கடித்து இழுத்தது. பட்ஜரிகார்களில் நாசியின் மேலுள்ள மெழுகுப் பகுதி ஆணுக்கு நீலமாகவும் பருவமடைந்த பெண்ணுக்குக் கபிலமாகவும் இருக்கும்; கபில நாசியுடையதையே கூடுதலாகக் கவனித்தல் வேண்டும், ஏனெனிற் பெண்ணே துடுக்கானது. கைகளை இடையில் நீட்டாது, ஒரு மட்டையை இரண்டுக்கும் நடுவே மெல்லச் செருகிப் பிரித்தோம். பின் மூன்று நாட்கள் ஒரு படி பின்சென்று, கூடுகளுக்குள் இருந்தவாறு பார்க்க மட்டும் விட்டோம்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். அது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஆண் பட்ஜரிகார் அருகில் வந்தமர்ந்தபோது, கொக்கட்டீல் தலையைத் தாழ்த்திப் பிடரி இறகுகளை விரித்தது. தன் இனத்திடையே அதன் பொருள், என் தலையைக் கோதிவிடு என்பதாகும். அவ்வீட்டு மகன் அதனை அறிந்திருந்தான், விரலாற் கோதிவிடுவான். பட்ஜரிகாருக்கு அவ்வளவு நீண்ட தாழ்ந்த தலையின் பொருள் விளங்கவில்லை. அது ஒரு கொத்துக் கொத்திவிட்டு அப்பாற் சென்றது. கொக்கட்டீல் சீறிப் பின்வாங்கியது. பகை என்று நாம் காண்பவற்றுட் பல, ஓரினத்தின் மொழி மற்றோர் இனத்துக்கு விளங்காமையே. மொழி விளங்கும்வரை, இடைவெளியே இரண்டையும் காக்கின்றது.

பறவையின் குறிப்பறிதல்

காவல் இருப்போருக்கும் அம்மொழி ஓரளவு தெரிதல் வேண்டும். ஒரு காலை மடக்கி வயிற்றிறகினுள் மறைத்தல், அலகை மெல்ல அரைத்தல், இறகு கோதுதல், ஒன்று உண்ணும்போது மற்றதும் உண்ணுதல் ஆகியவை அமைதியின் குறிகள். உடலை ஒடுக்கி இறகுகளை ஒட்ட வைத்தல், கொண்டையைத் தலையோடு தட்டையாகப் படிய வைத்துச் சீறுதல், வாய் திறந்து முன்பாய்தல், மற்றதை ஓரிடத்தில் நிற்கவிடாது துரத்துதல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டபின்னும் “பழகிவிடும்” என்று விட்டுவிடுதல் ஆகாது. ஓசை எழுப்பாத துன்பத்தையும் காணவேண்டும். ஒரு பறவை எப்போதும் கூட்டின் தரையிலோ மூலையிலோ இருந்தால், மற்றது உண்டு முடியும்வரை உணவருகே வராவிட்டால், நாளடைவில் நெஞ்செலும்பு கூர்மையாகத் தென்பட்டால், அங்கே சண்டை நடவாமலே ஓர் உயிர் தேய்ந்துகொண்டிருக்கின்றது. சமையற் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைப்போர் இதனைக் கண்ணுக்குத் தெரியுமுன்னரே அறிவர்.

காயம் நேர்ந்தால், நகமுனையில் வடியும் இரத்தத்தைச் சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் மெல்ல அழுத்தி நிறுத்தலாம். பின் பறவையை இளஞ்சூடும் இருளும் உள்ள ஒரு பெட்டியில் வைத்து மிருகவைத்தியரிடம் விரைந்து கொண்டு செல்க.

பல இனங்கள் வாழும் பெருங்கூடு

முற்றத்திற் பெரிய கூடு அமைத்துப் பல இனங்களை விட விரும்புவோரும் உளர். பாடசாலைத் தோட்டங்களுக்கும் இது அழகு தருவது. மாணவர் உற்றுநோக்கிக் கற்பதற்கும் உதவுவது. ஆனால் உயரத்தினும் நீளமே அங்கு முதன்மையானது. பறவை விலகிப் பறப்பது கிடையாகவே. உணவுக் கிண்ணங்களைப் பல இடங்களிற் பல உயரங்களில் வைத்தால், ஒரு முரட்டுப் பறவை எல்லாவற்றையும் காவல்கொள்ள இயலாது. இலைக்கொப்புகளும் மறைப்புகளும் துரத்தப்படுவதற்குப் புகலிடமாகும். புதியவற்றை விடும் நாளிற் கொம்புகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி வைத்தல் நல்ல தந்திரம். அன்று பழையவற்றுக்கும் அது புதிய வீடாகிவிடுகின்றது.

பெருங்கூட்டின் அமைதியைக் குலைப்பதிற் பெரும்பங்கு முட்டையிடும் முட்டிகளுக்கு உரியது. முட்டி தொங்கும் கூட்டில் அதுவரை சாதுவாக இருந்த இணையும் அயலவரை அண்டவிடாது. ஆகவே பல இனங்கள் வாழும் கூட்டில் முட்டி வைக்காமலே விடுதல் சிறந்தது. குஞ்சு பொரிக்கச் செய்ய விரும்பினால் அவ்விணையைத் தனிக்கூட்டுக்கு மாற்றுக. இணையில்லாத தனிப்பறவை ஒன்று, இணைசேர்ந்த இரண்டின் நடுவே அகப்பட்டுக்கொள்வதும் துன்பத்தில் முடியும்.

சேராதவற்றைச் சேர்க்காமை

ஆசிரியையின் வீட்டிற் கதை எங்ஙனம் முடிந்தது என்று வாசகர் வினவுவர். மூன்று பறவைகளும் ஒரே கூட்டில் வாழவில்லை. மாலைதோறும் ஒரு மணி நேரம் படிப்பறையில் அவை ஒன்றாக இருக்கின்றன. ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து பயிற்சிக் கொப்பிகளைத் திருத்துகிறார். பட்ஜரிகார்கள் மேசையில் ஓடித்திரிய, கொக்கட்டீல் கதிரையின் முதுகில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றது. இரவில் தத்தம் கூட்டுக்குச் செல்கின்றன. கொக்கட்டீல்களுக்கு இருளில் திடீரெனக் கலவரமுற்றுக் கூடெங்கும் மோதும் இயல்பு உண்டு. ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது தணியும். அவ்வேளையில் மூன்றும் ஒரே கூட்டில் இருந்திருந்தாற் சிறியவற்றின் கதி யாதாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

“ஒண்டாய்ப் படுக்கேல்லை எண்டு முதல் கவலைதான் மாஸ்டர். இப்ப அது பின்னேரத்திலை விசிலடிக்கிறது குறைஞ்சு போச்சு” என்று அவர் சில மாதங்களின் பின் சொன்னார். நான் எதிர்பார்த்ததும் அவ்வளவே. கொக்கட்டீல் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பறவை. மகன் படிப்பை முடித்துத் திரும்பும்போது அது அவனை வரவேற்க வேண்டும். கால்விரல்கள் குறையாமல் வரவேற்க வேண்டும். இதனைவிடப் பெரிய நட்பு ஒன்றை அவற்றிடம் வேண்டுவது நம் கற்பனையின் ஆசை.

சில பறவைகள் எத்தனை மாதங்கள் முயன்றாலும் பழகமாட்டா. அது வளர்ப்பவரின் தோல்வியுமன்று, பறவையின் குற்றமுமன்று. இரு கூடுகளில், ஒன்றன் குரலை மற்றொன்று கேட்கும் தூரத்தில், இரண்டும் ஆயுள் முழுவதும் அமைதியாக வாழலாம். ஆகவே இரண்டாவது பறவை வாங்க எண்ணும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நான் கூறுவது ஒன்றே: பறவை வாங்குமுன் இரண்டாவது கூட்டினை வாங்குக. இரண்டும் நன்கு பழகிவிட்ட பின்னரும் அக்கூட்டினை விற்றுவிடாதீர்கள். என்றோ ஒரு நாள் ஒன்று விலகிச் செல்ல விரும்பும்; அன்று அதற்கொரு வாசல் திறந்திருக்க வேண்டும்.